ரயில் பாஸ் யாருக்கு லாபம்?

ஐரோப்பா போகிறவர்கள் ரயில் பாஸைப் பற்றி முதலில் கேட்பது, ‘இதனால் பணம் மிச்சமாகுமா?’ என்றுதான். பெரும்பாலான பயணங்களில் ஆகாது. ஒரு மாதத்துக்குள் விரும்பிய நான்கு நாட்கள் பயணம் செய்ய அனுமதிக்கும் யூரெயில் பாஸ், இரண்டாம் வகுப்புக்கு 300 யூரோவை ஒட்டி வரும். நாளொன்றுக்கு 70, 75 யூரோ. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் முன்கூட்டியே வாங்கினால் நெடுந்தூர டிக்கெட்டே 20 யூரோ அளவில் தொடங்குகிறது. எந்தத் தேதியில் எந்த ரயில் என்று முடிவு செய்துவிட்டவருக்கு பாஸ் வீண் செலவு. ஆனால் அந்த மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். காலையில் ஜன்னலைத் திறந்து மழையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேறு ஊருக்குப் போகலாம் என்று முடிவெடுக்கிற உரிமைக்குத்தான் பாஸில் கூடுதல் காசு கொடுக்கிறோம். அந்த உரிமை செல்லுபடியாகும் நாடுகளுக்கு மட்டும் பாஸ் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக 1959-இல் யூரெயில் வந்தது. 1972-இல் ஐரோப்பிய இளைஞர்களுக்காக இன்டர்ரெயில் வந்தது. அந்தக் காலத்தில் பாஸைக் காட்டிப் பெரும்பாலான ரயில்களில் ஏறி உட்கார்ந்துவிடலாம். 1981-இல் பாரிஸ்–லியோன் பாதையில் டிஜிவி அதிவேக ரயில் ஓடத் தொடங்கியதும் நிலைமை மாற ஆரம்பித்தது. அதில் முன்பதிவு கட்டாயம். பிறகு வந்த ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸ்ஸா, லண்டன் போகும் யூரோஸ்டார் எல்லாவற்றிலும் அதே விதிதான். பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். டிஜிவிக்கு 10 முதல் 20 யூரோ, யூரோஸ்டாருக்கு 30 யூரோவுக்குக் குறையாது. அதிலும் யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். அவை தீர்ந்துவிட்டால் ரயிலில் வேறு இருக்கைகள் காலியாக இருந்தாலும் பாஸுக்குக் கிடைக்காது. தேதியையும் முன்பே குறித்து, மேற்கொண்டு பணமும் கட்டிய பிறகு திட்டத்தை மாற்றும் உரிமையில் மிச்சம் என்ன இருக்கிறது? பாரிஸ், பார்சிலோனா, மிலன், ரோம் என்று அதிவேக ரயிலிலேயே சுற்றுகிறவர்கள் தனித்தனி டிக்கெட் வாங்குவதே நல்லது. முன்பதிவு வேண்டாத வட்டார ரயிலில் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். பாரிஸிலிருந்து டிஜான் வழியாக லியோனுக்கு அப்படி ஒரு ரயில் உண்டு. டிஜிவி இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு அதில் ஐந்து மணி நேரம் ஆகும். பத்து நாள் விடுப்பில் போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் கதை வேறு. அங்கே பெரும்பாலான ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை. மியூனிக்கில் ஐசிஇ என்ற ஜெர்மன் அதிவேக ரயிலில் ஏறினால் இருக்கைகளுக்கு அருகே சிறு திரைகள் ஒளிரும். ‘நூரம்பெர்க்–பெர்லின்’ என்று காட்டினால் நூரம்பெர்க் வரை அங்கே உட்காரலாம், உரியவர் வந்ததும் எழுந்து வேறு இடம் பார்க்க வேண்டும். ஜெர்மன் ரயில்கள் நேரத்துக்கு வருவதில்லையே என்பது நியாயமான ஆட்சேபம். 2024-இல் அங்கே நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். பாஸுக்குச் சாதகமான வாதமாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாட்டு நிறுவனங்களிடம் தனித்தனியாக மலிவு டிக்கெட் வாங்கியவர் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதாகவே முடியலாம். பாஸ்காரர் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்வார். சுவிட்சர்லாந்தில் ஜூரிக்கிலிருந்து ஜெனீவாவுக்கு முழுக் கட்டணம் 90 பிராங்கை ஒட்டி இருப்பதால், ஒரே பயணத்தில் அன்றைய பாஸ் செலவு ஈடாகிவிடும். ஆனால் அந்த ஒரு நாட்டை மட்டும் பார்ப்பவருக்கு சுவிஸ் டிராவல் பாஸ்தான் பொருத்தம். மஞ்சள் அஞ்சல் பேருந்து, ஏரிப் படகு, நகர டிராம் எல்லாம் அதில் அடக்கம்.

பஸ், கப்பல் விஷயத்தில் யூரெயிலிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. மெட்ரோவிலும் நகரப் பேருந்திலும் பொதுவாக அது செல்லாது. ரயில் தொடராத சில இடங்களில் பஸ் சேர்த்தி. ஸ்வீடனின் ஹப்பாரண்டாவிலிருந்து பின்லாந்தின் கெமிக்குப் போகும் பஸ் அப்படிப்பட்டது. இரு நாட்டுத் தண்டவாள அகலமும் வேறு என்பதால் ஒரே ரயில் கெமி வரை தொடர்ந்து போக முடியாது. கடல் கடக்கும் கப்பல்களில் பெரும்பாலானவை தள்ளுபடி மட்டுமே தருகின்றன, துறைமுக வரி போன்றவை தனி. இத்தாலியின் மெசினா ஜலசந்தி இதற்கு அருமையான விலக்கு. வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைப் பிரித்து, தண்டவாளம் பதித்த கப்பலுக்குள் தள்ளி ஏற்றுகிறார்கள். பயணிகள் பெட்டியை விட்டிறங்கி மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். மெசினாவில் பெட்டிகளைக் கோத்ததும் அதே ரயில் சிசிலிக்குள் ஓடுகிறது. கப்பலுக்கென்று தனி டிக்கெட் கிடையாது, அந்த ரயிலின் முன்பதிவுக் கட்டணத்தோடு சரி.

என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி வேறொன்று. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு நாள்வாரியான திட்டமும் ஹோட்டல் முன்பதிவும் கொடுத்துவிட்டுப் போகிற நமக்குத் திட்டத்தை மாற்றும் உரிமை எதற்கு? ஊருக்கு ஊர் ஹோட்டல் மாற்றினால் உண்மையிலேயே பயனில்லை. ஒரே ஊரில் நாலைந்து இரவு தங்கினால் பயனுண்டு. சால்ஸ்பர்க்கில் தங்கியவர் மழையென்றால் இரண்டரை மணி நேரத்தில் வியன்னா அருங்காட்சியகங்களுக்குப் போகலாம், வெயிலென்றால் ஹால்ஷ்டாட் ஏரிக்குப் போகலாம். ஹால்ஷ்டாட் ஸ்டேஷன் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது, ரயில் வந்ததும் சிறு படகு ஊருக்கு அழைத்துப் போகும். படகுக்கு மட்டும் தனிக் காசு. வெளியே கிளம்பாத நாளில் பாஸின் நாள் எதுவும் கழியாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் கணக்கு இன்னும் சாதகம். ஒரு பெரியவரின் பாஸோடு இருவர் வரை கட்டணமின்றி வரலாம்.

பாரிஸிலோ ஜூரிக்கிலோ சொந்தக்காரர் இருந்து அவரோடு சேர்ந்து சுற்றுவதாக இருந்தால், அவர் எந்த பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் யூரெயில் வாங்க முடியாது. வசிக்கும் நாடே அளவுகோல் என்பதால் அவருக்கு இன்டர்ரெயில்தான். அதை வைத்து அவர் தன் சொந்த நாட்டில் தினமும் சுற்ற முடியாது. வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று, அவ்வளவுதான். பாஸ் 33 நாடுகளில் செல்லும், விசா அப்படியல்ல. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவோடு பாரிஸிலிருந்து லண்டனுக்குப் போய்விட்டால், பாஸில் எத்தனை நாள் மீதி இருந்தாலும் பாரிஸுக்குத் திரும்ப முடியாது. பாஸுக்குப் பணம் கட்டும் முன் விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிடுங்கள்.