கடைசி ரயில் யாருக்காக?

பெருங்கூட்டம் ஒன்று கலையும் வேளையில் ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்று பார்ப்பவனுக்கு, அந்த ஊர் தன் ஏழைகளை எவ்வளவு மதிக்கிறதென்பது சட்டசபைப் பிரசங்கங்களைப் படிக்காமலே விளங்கிவிடும். பந்தாட்டம் பார்க்கப் போனவன் வீடு திரும்புவதும் ஒரு தலையங்க விஷயமா என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். ஆம், தலையங்க விஷயமே என்பது நமது அபிப்பிராயம். மோட்டாரில் வந்து மோட்டாரில் போகிறவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். பஸ்ஸையும் ரயிலையும் நம்பி வருகிற ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கோ, ஆட்டத்தை முடிவுவரை பார்ப்பதா, கடைசி வண்டியைப் பிடிப்பதா என்ற கேள்வி இரவு ஆட்டந்தோறும் எழுகிறது. இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரத்தை உதாரணமாகக் கொண்டு இதை ஆராய விரும்புகிறோம். இந்தியாவில் கால்பந்தாட்டத்துக்கும் பொதுஜனங்களின் பிரயாணத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அந்நகரத்தின் சரித்திரமே நன்கு எடுத்துக் காட்டுகிறது.

1911-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதியை அறியாத தேசபக்தர் இருக்க முடியாது. அன்றுதான் மோகன் பகான் சங்கத்தார் ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் போட்ட அவ்விரண்டு கோல்களையும், நம்மவரில் ஒருவர் தவிர மற்றவரெல்லாம் வெறுங்காலோடு ஆடியதையும் பற்றி எழுதாத பேனா இல்லை. ஆனால் அன்று நடந்த வேறொரு காரியத்தை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அந்த ஆட்டத்தைக் காண வருவோருக்காக ஈஸ்ட் இந்தியன் ரயில்வே ஸ்பெஷல் ரயில் விட்டது. ஸ்டீமர்களும் அதிகமாக ஓடின. சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து குமாஸ்தாக்களும் மாணாக்கர்களும் தொழிலாளிகளும் வந்து குவிந்தார்கள். மைதானத்தை நெருங்க முடியாமல் தூரத்தில் நின்றவர்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம். அந்த ரயிலும் ஸ்டீமரும் இல்லாவிடில், அந்த வெற்றி கல்கத்தாவின் வெற்றியாக மட்டும் நின்றிருக்கும். அதை வங்காளத்தின் வெற்றியாக்கியதில் வண்டிக்கும் பங்குண்டு.

அந்த ரயில்வேயை நடத்தியவர்கள் அந்நியர்கள். லாபத்தைக் கருதியே வண்டி விட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. எனினும் அன்று லாபத்துக்காகச் செய்யப்பட்ட உபகாரத்தை, இன்று சொந்த சர்க்கார் கடமையாகச் செய்ய வேண்டுமென்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகுமா?

வெகு காலம்வரை கல்கத்தாவில் இக்கஷ்டம் பெரிதாகத் தோன்றவில்லை. மூன்று பெரிய சங்கங்களான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்டிங் ஆகியவற்றின் ஆட்டக்களங்கள் நகரத்தின் நடுவே, மைதானத்தில் இருந்தன. 1902-ல் மின்சாரம் பெற்ற டிராம் வண்டி அருகிலேயே கொண்டுபோய் விட்டது. இரண்டாம் வகுப்பு டிராமில் ஏறியவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தோல்வியானால் சண்டையிட்டுக்கொண்டும், ஜயமானால் ஆரவாரித்துக்கொண்டும் வீடு சேர்ந்தான். அந்த இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை, லண்டனில் பதிவான டிராம் கம்பெனி 1953-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு பைசா, அதாவது காலணா, உயர்த்தியபோது நகரமே திரண்டெழுந்தது. ஜனங்கள் புதிய கட்டணத்தைக் கொடுக்க மறுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். முடிவில் கட்டண உயர்வு கைவிடப்பட்டது. காலணாவுக்காக இத்தனை கலகமா என்று அன்றும் கனவான்கள் கேட்டார்கள். நாள்தோறும் இருமுறை காலணா கொடுக்க வேண்டியவனுக்குத்தான் அதன் பாரம் தெரியும். பிரயாணக் கட்டணம் ஏழையின் மேல் விழும் வரி என்பதை அந்த நகரத்து ஜனங்கள் அப்பொழுதே உணர்ந்திருந்தார்கள்.

1984-ம் வருஷத்தில் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. ஜனவரி மாதத்தில் நகரத்தின் கிழக்கோரத்தில், சால்ட் லேக் பகுதியில், லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய மாபெரும் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. விவேகானந்த யுவ பாரதி கிரீடாங்கணம் என்று அதற்குப் பெயர். அதே வருஷம் அக்டோபர் மாதம் 24-ந் தேதி இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில், எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தேசத்தின் மிகப் பெரிய பந்தாட்ட அரங்கமும் முதல் சுரங்க ரயிலும் ஒரே நகரத்தில், ஒரே வருஷத்தில்! ஆயினும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ரயில் வடக்குத் தெற்காகப் போயிற்று. ஸ்டேடியம் கிழக்கே கிடந்தது. ஸ்டேடியத்தின் பெயரைத் தாங்கிய ஸ்டேஷனில் மெட்ரோ வண்டி வந்து நிற்க 2020-ம் வருஷம் பிப்ரவரி மாதம்வரை, அதாவது முப்பத்தாறு வருஷம், காத்திருக்க நேர்ந்தது.

அந்த முப்பத்தாறு வருஷத்தில் ஜனங்கள் போகாமலா இருந்தார்கள்? 1997-ம் வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பெடரேஷன் கோப்பையில் மோதியபோது 1,31,000-க்கு மேற்பட்டவர்கள் அங்கே கூடினார்கள். நிரம்பி வழிந்த பஸ்ஸிலும், கொடி கட்டிய சிறு லாரிகளில் நின்றுகொண்டும், கால்நடையாகவும் போனார்கள். ஜனங்களின் பக்தி சர்க்காரின் குறையை மறைத்துவிட்டது. பக்தனின் பொறுமையைக் கண்டு கோவிலுக்குப் பாதை போடாதிருப்பது தர்மகர்த்தாவுக்கு அழகன்று.

இப்பொழுது பாதை வந்துவிட்டது. 2022-ல் ஸியால்டாவும், 2024 மார்ச் மாதத்தில் ஹூக்ளி நதியின் அடியாகச் செல்லும் ஹௌரா மைதான்–எஸ்பிளனேடு பகுதியும், 2025 ஆகஸ்டில் இடையில் விட்டுப்போன எஸ்பிளனேடு–ஸியால்டா துண்டும் திறக்கப்பட்டன. இதனால் விளைந்த நன்மை சாமான்யமானதன்று. பர்த்வான், பாண்டெல் பக்கத்திலிருந்து ஹௌராவில் வந்திறங்குகிறவன், மறு வண்டி மாறாமல் ஸ்டேடியத்துக்குப் போகலாம். கிருஷ்ணநகர், பன்காவ், கானிங் முதலிய ஊர்களிலிருந்து வருகிறவனுக்கு ஸியால்டா வழி இருக்கிறது. 1947-ல் தேசம் பிளவுபட்ட பின், கிழக்கு வங்கத்து அகதிகள் போக்கிடமின்றிப் படுத்துக் கிடந்தது இதே ஸியால்டா பிளாட்பாரங்களில்தான். 1920-ல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் சங்கத்தைத் தங்கள் இழந்த ஊரின் பெயராகவே போற்றியவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த ஸ்டேஷனிலிருந்து தங்கள் சங்கத்தின் ஆட்டத்துக்கு நேராகப் போகிறார்களென்பதை எண்ணி நாம் மகிழ்கிறோம்.

ஆனால் போகும் வழி அமைந்தால் மட்டும் போதுமா? திரும்பும் வழி வேண்டாமா? தொழில்முறைக் கால்பந்தாட்டத்தின் நேரத்தை இக்காலத்தில் நிர்ணயிப்பது ஸ்டேடியத்தில் இருப்பவனுடைய சௌகரியமன்று. வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்ப்பவனுடைய சௌகரியமே. இந்தியன் சூப்பர் லீக்கின் பல ஆட்டங்கள் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கி வந்திருக்கின்றன. ஆட்டம் முடிய ஒன்பதரை நெருங்கிவிடும். பெருங்கூட்டம் வாசலைக் கடக்க மேலும் அரைமணியாகும். மெட்ரோவைத் தவற விட்டவன் ஸியால்டாவில் தன் ஊர் வண்டியையும் தவற விடுகிறான். ஆகவே பத்து நிமிஷ ஆட்டம் பாக்கியிருக்கும்போதே எழுந்து ஓடுகிறான். முழு ஆட்டத்துக்குக் காசு கொடுத்தவன் முடிவைப் பாராமல் போவது என்ன நியாயம்? பெண்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. பந்தாட்டம் பார்க்க இப்பொழுது பெண்களும் விருப்பத்தோடு வருகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் நிச்சயமான வண்டி இல்லையென்றால், வராதே என்று அவர்களுக்குச் சொல்வதற்கு வேறு உத்தரவு தேவையில்லை.

பெரிய ஆட்ட நாட்களில் கூடுதல் வண்டி விடப்படுவதுண்டு என்று நிர்வாகிகள் சொல்வார்கள். அதை நாம் மறுக்கவில்லை, வந்தனத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அவ்வப்போது அறிவிக்கப்படும் சலுகை வேறு, நிச்சயமான உரிமை வேறு. சலுகையை நம்பி ஒருவன் ஐம்பது மைல் தூரத்திலிருந்து புறப்பட மாட்டான்.

இதற்கு ஆகும் சிரமந்தான் எவ்வளவு? கணக்குப் பார்ப்போம். 60,000 பேர் கூடும் நாளை எடுத்துக்கொள்வோம். அவர்களில் மூன்றிலொரு பங்கினர் மெட்ரோவில் திரும்புவதாக வைத்துக்கொண்டால் 20,000 பேர். ஆறு பெட்டிகள் கொண்ட வண்டி ஒன்று ஏறக்குறைய 2,000 பேரை ஏற்றும். ஆக, பத்து வண்டிகள் வேண்டும். ஆறு நிமிஷத்துக்கு ஒரு வண்டி விட்டால் ஒரு மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். வருஷத்தில் சில நாட்களுக்கு, இரவில் ஒரு மணி நேரம்! கோடிக்கணக்கில் செலவிட்டு நதியின் அடியில் சுரங்கம் தோண்டியவர்களுக்கு இது முடியாத காரியமா?

முடியாததன்று, பொறுப்பு பலர் கையில் சிதறிக் கிடப்பதுதான் தடை. ஸ்டேடியம் மேற்கு வங்க சர்க்காருடையது. கல்கத்தா மெட்ரோவோ, மற்ற நகரங்களைப்போலன்றி, நேராக இந்திய ரயில்வேயின் நிர்வாகத்தில் உள்ளது. பஸ் ஒருவர் கையில், போலீஸ் இன்னொருவர் கையில், ஆட்டம் சங்கத்தார் கையில், நேரம் டெலிவிஷன் கம்பெனியின் கையில். பத்துப் பேர் பொறுப்பு ஒருவர் பொறுப்புமன்று என்பது உலக அனுபவம். எல்லோரும் டிக்கெட்டை விற்கும்போது ஒன்றுசேருகிறார்கள். கூட்டம் கலையும்போது பிரிந்துவிடுகிறார்கள்.

பிற தேசத்தார் இதை எவ்விதம் தீர்த்திருக்கிறார்கள்? ஜெர்மனியில் 2024-ல் ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள் நடந்தபோது, ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் 36 மணி நேரம் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் டிராமிலும் தனிக் கட்டணமின்றிப் பிரயாணம் செய்ய அனுமதிக்கப்பட்டார்கள். அந்நாட்டுச் சங்கங்கள் பலவற்றின் சாதாரண ஆட்ட டிக்கெட்டும் அவ்விதமே பிரயாண டிக்கெட்டாக உதவுகிறது. நமது தேசத்திலும் முன்மாதிரி இல்லாமலில்லை. கொச்சியில் பந்தாட்ட நாட்களில் மெட்ரோ நேரத்தை நீட்டித்திருக்கிறார்கள். நமது சென்னையில் 2025-ல் சேப்பாக்கத்து ஐ.பி.எல். கிரிக்கெட்டுக்கு டிக்கெட் வைத்திருந்தவர்கள் மெட்ரோவில் கட்டணமின்றிப் போய்வர ஏற்பாடு செய்யப்பட்டது. கிரிக்கெட் ரசிகனுக்குச் செய்ததைக் கால்பந்து ரசிகனுக்கும் செய்யலாகாதென்று எந்தச் சாஸ்திரம் கூறுகிறது?

நஷ்டம் வரும் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். கட்டணத்தை ஆட்டம் நடத்துவோர் டிக்கெட் விலையிலிருந்தும் விளம்பர வருமானத்திலிருந்தும் மொத்தமாகச் செலுத்திவிட்டால் ரயில்வேக்கு நஷ்டமேது? பந்தாட்டக் கூட்டம் முரட்டுக் கூட்டம், அதை ரயிலில் ஏற்றினால் வண்டி சேதமாகுமென்று வேறு சிலர் சொல்லக்கூடும். 1980-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி ஈடன் கார்டனில் இவ்விரு சங்கங்களின் ஆட்டத்தின்போது எழுந்த கலகத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அது கற்பிக்கும் பாடம், கூட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டுமென்பதன்று; அதற்குச் சரியான வழி வகுக்க வேண்டுமென்பதே. 2024 ஆகஸ்டில் அதே நகரத்தில், ஒரு பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு, பரம வைரிகளான இரு சங்கத்து ரசிகர்களும் ஸ்டேடியத்தின் வெளியே தோளோடு தோள் நின்றார்கள். அவர்களையா முரடர்கள் என்று ஒதுக்குவது?

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரயில் பொதுச் சொத்து. அதன் கண்ணாடியை உடைப்பவன் எதிர்க் கட்சிக்காரனைத் தண்டிக்கவில்லை, மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் தன் அண்டை வீட்டுக்காரனைத் தண்டிக்கிறான். உரிமையைக் கேட்பவன் ஒழுங்கையும் காட்டினால் அவன் வழக்கு பலப்படும்.

ஆதலால் நாம் வற்புறுத்துவது மூன்று. முதலாவது, ஆட்ட டிக்கெட்டே அன்றைய மெட்ரோவுக்கும் சர்க்கார் பஸ்ஸுக்கும் போகவர டிக்கெட்டாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெட்ரோ ஓட வேண்டும். ஹௌராவிலும் ஸியால்டாவிலும் அதற்கேற்றவாறு ஊர் வண்டிகள் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, ரயில்வேயும் போலீஸும் சங்கத்தாரும் அடங்கிய ஒரு கமிட்டியின் சம்மதமின்றி இரவு ஆட்டத்தின் நேரத்தை யாரும் நிர்ணயிக்கக் கூடாது. பொது வாழ்வில் ஈடுபட்ட நண்பர்கள் இதைத் தங்கள் வேலைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். 1911-ல் அந்நிய நிர்வாகம் ஜனங்களை ஆட்டத்துக்கு அழைத்து வந்தது. சுதந்தர பாரதத்தின் நிர்வாகம் அவர்களை ஆட்டத்துக்கு அழைத்து வருவதோடு, பத்திரமாக வீட்டிலும் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.