அனாமத்துக் கணக்கில் ஓர் ஆக்சிஜன்

திருவண்ணாமலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறவர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடி, கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதிகம். முடி கருகினால் ஒரு நாற்றம் மூக்கைத் துளைக்கிறதே, அதற்கு சிஸ்டீனில் உள்ள கந்தகம் ஒரு முக்கியக் காரணம். பெராக்சைடு போட்டு முடியை வெளுத்தால் அந்தக் கந்தகத்தில் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும்.

உடம்புக்குள் இருக்கும் பல புரதங்களிலும் இதே கதைதான். ஒரு சிஸ்டீனின் கந்தகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று ஆக்சிஜன் வரை ஏறலாம். இதை எப்படிப் பார்ப்பது? புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சுகிறார்கள். கிடைப்பது போட்டோ அல்ல, எலக்ட்ரான் அடர்த்தியின் வரைபடம். அதற்குள் அணுக்களைப் பொருத்தி மாடல் செய்வது மனிதர் வேலை. மாடலில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் குமிழாகத் தெரியும். கந்தகத்தை ஒட்டி அப்படி ஒன்று தெரிந்தால்? சுலபமான வழி, ஒரு தண்ணீர் மூலக்கூறை வைத்து மூடிவிடுவது!

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. இருப்பாய்வு டேலி ஆகவில்லையா, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடு! தற்காலிகமாகப் போடலாம், தப்பில்லை. பிழையைத் தேடாமல் புத்தகத்தை மூடுவதுதான் தப்பு. தண்ணீர் கந்தகத்திலிருந்து 3 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் தள்ளித்தான் நிற்கும். பிணைந்த ஆக்சிஜனோ சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும். தூரத்தை அளந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த மாதிரித் தணிக்கைக்கு வழி காட்டியது சென்னைதான். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புதிய புரத மாடல்களைச் சோதிக்கிறார்கள். ஆனால் அது பார்ப்பது புரதத்தின் முதுகெலும்பின் கோணங்களை. பக்கக் கிளையில் இருக்கும் கந்தகத்தின் கதை அதில் தெரியாது. அந்தச் சோதனையில் பாஸானாலும் சிஸ்டீனைத் தனியாகத்தான் பார்த்தாக வேண்டும்.

ஓர் அணுவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அமெரிக்காவில் 2021-ல் அனுமதி பெற்ற சோட்டோராசிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மருந்து, கே-ராஸ் என்ற புரதத்தின் 12-வது இடத்தில் மாறி வந்த சிஸ்டீனின் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. இப்படிப்பட்ட கந்தகத்தில் ஆக்சிஜன் ஏறிவிட்டால் மருந்துக்குப் பிடி ஏது? மருந்து வடிவமைப்பவர் நம்புவது அந்த மாடலைத்தானே!

அதற்காகக் குமிழைக் கண்டதும் ஆக்சிஜனைத் திணிப்பதும் நேர்மையல்ல. படிகம் வாரக்கணக்கில் காற்றோடு கிடந்ததாலும் ஆக்சிஜன் ஏறியிருக்கலாம். எக்ஸ்ரேயே சில பிணைப்புகளை உடைத்துவிடும். ஆகவே அடர்த்தியும் தூரமும் ஒத்துவந்தால் ஆக்சிஜனை எழுதுங்கள். உடம்பிலேயே ஏறியதா, சோதனைச்சாலையில் ஏறியதா என்பதற்கு ஆதாரத்தையும் சேர்த்து எழுதுங்கள். சந்தேகமா? குமிழை அப்படியே விட்டுவிடுங்கள். டேலி ஆகாத கணக்கைத் திறந்து காட்டுகிறவரை நம்பலாம். தண்ணீரை ஊற்றி டேலி ஆக்கியவரை எப்படி நம்புவது?