நான் விலகவில்லை

19 வயதில் என்னைக் கிழவியாக்கிவிட்டார்கள். புதுச்சேரி கதிர்காமத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றே சொன்னார் அந்தப் பெரியவர், அம்மா காதுபட: "வயசாயிடுச்சும்மா. இன்னும் சக்கரத்தைக் கட்டிக்கிட்டு எதுக்கு? ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க." ரோலர் ஸ்கேட்டிங் வீரர்களைத் தேர்வு செய்யும் இடத்தில் இருந்தவர். அந்த முறை போட்டிக்கு என் இடத்தில் போனது யார் வீட்டுப் பெண் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எது வயசு? 1998இல் டாரா லிபின்ஸ்கி 15 வயதில் பனித்தரை ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அத்தோடு போட்டிகளை விட்டுப் போனார். 2018இல் வென்ற அலினா ஜாகிடோவாவுக்கும் 15தான். சின்ன உடம்பு காற்றில் சுலபமாகச் சுழலும். இடுப்பு விரிந்ததும் அதே தாவல் கைகொடுக்காது. பிள்ளைகள் நொறுங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் 2022இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 17க்கு உயர்த்த முடிவெடுத்தது. அதே பனியில்தான், இடுப்புக் காயத்தோடு 17 வயதில் விட்டுப்போன டியானா ஸ்டெல்லாடோ டுடெக், 16 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். 2024இல் ஜோடிப் பிரிவில் உலகத் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 40. நாற்பது! புதுச்சேரியில் என்றால் அவரை என்ன சொல்லியிருப்பார்களோ.

எனக்கு ஏது பனி? என்னுடையது சக்கர ஷூவில் தாவிச் சுழலும் ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங். மண்டபத்துச் சிமெண்ட் தரை. சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலை. ஒற்றைக் காலில் வந்து இறங்கும் ஒவ்வொரு தாவலையும் அந்தத் தரை என் வலது முட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஷூவும் சக்கரம் மாட்டும் ஃபிரேமும் இத்தாலியிலிருந்து வர வேண்டும். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது அதற்காகத்தான்.

2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத் அனூப் குமார் யாமா ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங்கில் வெண்கலம் வாங்கினார். அவனி பஞ்சாலோடு ஜோடியாக இன்னொன்று. அப்போது எனக்கு 12 வயது. அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். 2014 இஞ்சியோனில் ரோலர் ஸ்கேட்டிங்கே கிடையாது. 2018 ஜகார்த்தாவில் சாலை ஓட்டம் மட்டும். எங்கள் ஆர்டிஸ்டிக் பிரிவு இல்லை. 2023இல் ஹாங்சோவில் திரும்ப வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் கார்த்திகாவும் ஆரத்தியும் ரிலே ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார்கள். மனசார வாழ்த்துகிறேன், வயிறு எரியவில்லை. எனக்கு அப்போது 25. என் 16ஐயும் 20ஐயும் யார் திருப்பித் தருவார்கள்?

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போனேன். "டான்ஸ் சர்டிபிகேட்டெல்லாம் இங்க செல்லாதும்மா" என்று மேசைக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். டான்ஸாம்! தரையில் வரைந்த வட்டத்தின் கோட்டைவிட்டு ஒரு விரல்கடை நகராமல் ஒற்றைக் காலில் சுற்றி வரச் சொல்லுங்கள் அவர்களை, பார்க்கிறேன்.

இதெல்லாம் போகட்டும். போன மாதம் வீரர்களின் பழைய பதிவேட்டில் என் பெயருக்கு நேரே எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "சொந்த விருப்பத்தில் விலகினார்." நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. யாரிடமும் போகிறேன் என்று சொல்லவில்லை. ஷூவைக்கூட விற்கவில்லை.

பதக்கம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. ஐயா, அந்த ஒரு வரியை அடியுங்கள்.