கட்டாக்காலி நாய்கள்: பெயர் கெட்டது யாரால்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் நாய்த்தொல்லை பற்றிய முறைப்பாடு ஓய்வதில்லை. "பழையபடி பிடித்துக் கொல்லட்டும்" என்ற குரலும் அடிக்கடி எழுகிறது.

அந்தப் பழைய முறைக்கு அடிப்படை, 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம். கவனிப்பாரின்றித் திரியும் நாயைப் பிடித்து அழிக்க அது இடமளிக்கிறது. 2006இல் மஹிந்த ராஜபக்ஷ அரசு கொல்வதை நிறுத்தியது. ஆனால் அது கொள்கை முடிவு மட்டுமே. வேறோர் ஆட்சி வேறு விதமாகவும் முடிவெடுக்கலாம். நாய்களுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்த அதே ஆண்டில்தான் போர் மீண்டும் மூண்டது. இந்த முரணை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

கொல்வதை நிறுத்தியதால் நோய் பெருகியதா? இல்லை. 2007இல் கொழும்பு மாநகர சபையும் புளூ போ ட்ரஸ்ட் அமைப்பும் தெருநாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யத் தொடங்கின. 2001இல் நகரில் 43 நாய்களுக்கு விசர்நோய் உறுதிப்பட்டிருந்தது. 2011இல் அது 2 ஆனது. நாடளாவிய ரீதியில் 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். இன்று அது சில பத்துகளாகக் குறைந்திருப்பதற்கும் தடுப்பூசியே முதற் காரணம். நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி ஏற்றினால் நோய் பரவாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி ஏற்றிய நாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி ஏற்றாத நாய்தான் வரும்.

எந்த நாய் ஆபத்தானது என்பதில் தோற்றம் ஏமாற்றும். எம்மவர் பலர் வாழும் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்களை வீட்டில் வளர்ப்போர் வெளியே கூட்டிச்செல்லும்போது வாய்ப்பூட்டு போடவேண்டியிருந்தது. பெரும்பாலும் சோபாவில் படுத்துத் தூங்கும் சாதுவான பிராணி அது. வாய்ப்பூட்டைப் பார்த்தவர்களோ கடிநாய் என்று ஒதுங்கினார்கள். 2019 ஜனவரியில் அந்த விதி நீக்கப்பட்டது. கயிற்றில் பிடித்துச் செல்லவேண்டும் என்பது மட்டும் எஞ்சியது.

இங்கே அந்த வாய்ப்பூட்டின் வேலையைச் செய்வது 'கட்டாக்காலி' என்ற சொல். உண்மையில் தெருவில் நிற்பவற்றில் பல, இரவில் அவிழ்த்துவிடப்படும் வீட்டு நாய்கள்; அல்லது தொடர்மாடிக்குக் குடிபோனவர்களும் வெளிநாடு போனவர்களும் விட்டுச்சென்றவை. பெண் குட்டிகளைச் சந்தையடியில் விட்டுவிட்டுப் போவதும் வழமைதான். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஓடிய சனம் நாயை அவிழ்த்துவிட்டு வந்தது. அன்று வேறு வழி இருக்கவில்லை. வாகனத்தில் ஏற்றி வந்து சந்தையடியில் இறக்குபவருக்கு அந்தச் சாட்டு இல்லை. மிருகவதைக்கான 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் உச்ச அபராதமோ 100 ரூபாய். அதற்குப் பதிலாக 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்த மிருகநலச் சட்டமூலம் ஆண்டுக்கணக்காக இழுபட்டது.

கடிபட்டவர் செய்யும் பெரிய தவறும் இந்தப் பெயரால் வருவதுதான். "வீட்டு நாய்தானே" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அங்கு சிகிச்சை இலவசம். நாய்க்கான தடுப்பூசியும் இலவசமே. உங்கள் பகுதியில் எப்போது போடுகிறார்கள் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம்.