சிங்கன் சிங்கி: யார் கட்டிய கதை?

2023இல் தமிழக அரசு 'குறவன் குறத்தி ஆட்ட'த்தைத் தடைசெய்தது. எங்களைக் கேவலப்படுத்துகிறதென்று குறவர் மக்கள் போராடி வாங்கிய தடை, சரிதான். சாரம் டீக்கடையில் தோழர் ஒருத்தர், "ஆபாசம் ஒழிஞ்சுது"ன்னார். எங்கே ஒழிஞ்சுது என்றேன்.

குற்றாலக் குறவஞ்சியைப் பிரியுங்கள். மேலிடத்து வசந்தவல்லிக்கு விரகம், தெய்வக் காதல். சிங்கனுக்கும் சிங்கிக்கும் பச்சைச் சரசம், நகை எவன் கொடுத்தான் என்கிற சந்தேகம். எழுதியவர் குறவரல்ல, திரிகூடராசப்பக் கவிராயர். 1944இல் ருக்மிணிதேவி மேடையேற்றினால் அது செவ்வியல். ஊர்த் திருவிழாவில் கரகாட்டக்காரி அதே ஜோடியை ஆடினால் ஆபாசம்! இரட்டை அர்த்த வசனம் கேட்டு ரூபாய் நோட்டைக் குத்துகிறவன் நாட்டாமை. போலீஸ் வந்தால் மாட்டுவது அவள். அவளைத் திட்டுவதை விடுங்க தோழர். கமிட்டி நோட்டைப் புரட்டுங்க: அட்வான்ஸ் கொடுத்தவன் பேர் இருக்கும்.