செவ்வாயின் நெடுவழி: இரங்கலும் அறிதலும்

2019ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி, ஒப்பர்ச்சுனிற்றி என்னும் ஆய்வூர்தியின் பணி முடிவுற்றதென அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அறிவித்தது. செவ்வாய்க் கிரகத்தில் 14 ஆண்டுகளுக்கு மேலாக இயங்கி, 45.16 கிலோமீற்றர் தூரம் ஊர்ந்த அவ்வியந்திரத்திடமிருந்து முந்திய ஆண்டு யூன் 10ஆந் திகதியின் பின்னர் எவ்விதச் செய்தியும் கிடைக்கவில்லை. அறிவிப்பு வெளியானதும் உலகெங்கும் இரங்கல் அலையொன்று எழுந்தது. தன் மின்கலம் தளர்ந்துவிட்டதென்றும், தன்னைச் சூழ இருள் கவிகின்றதென்றும் அவ்வூர்தி இறுதியாகக் கூறியதாக ஒரு வாசகம் நாடுதோறும் பரவிற்று. அன்று பாடசாலை மாணவனாயிருந்த நானும் அதனை உண்மையெனவே கொண்டேன், உருகினேன், நண்பர்க்கும் அனுப்பினேன்.

அவ்வாசகத்தை அவ்வூர்தி கூறவில்லை. அது இறுதியாக அனுப்பியவை எண்களே. அன்றைய மின்னுற்பத்தி 22 உவாற்று மணி. வளிமண்டலத் தூசியின் செறிவைக் குறிக்கும் அளவு 10.8. விஞ்ஞானிகள் இவ்வெண்களுக்குத் தந்த விளக்கத்தைப் பத்திரிகையாளர் ஒருவர் தம் சொற்களிற் சுருக்கியுரைத்தார். அச்சுருக்கமே இயந்திரத்தின் மரணவாக்காக உருமாறிற்று. 

எண்ணிப் பார்க்குமிடத்து, அன்று நான் இரங்கிய பொருளைப்பற்றி யாதும் அறிந்திருந்தேனல்லேன். அது எங்கே இறங்கியது, எங்கே சென்றது, ஏன் சென்றது என்று எவரேனும் வினவியிருப்பின் வாய்மூடி நின்றிருப்பேன். இவ்வறியாமை என் ஒருவனுக்கே உரியதன்று என்ற துணிவிலேயே இக்கட்டுரையை எழுதுகின்றேன். வழியைப் பின்தொடராது முடிவுக்கு மட்டும் கண்ணீர் சிந்தும் மனப்பாங்கு, அவ்வழியைச் சமைத்த மனித உழைப்பை மறைக்கின்றது என்பதே என் வாதம். 

முதலில், அவ்வூர்தி எவ்வாறு ஊர்ந்தது என்பதை நோக்குவோம். 2004ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி அது மெரிடியானி சமவெளியில், 22 மீற்றர் விட்டமுடைய ஈகிள் என்னும் சிறு பள்ளத்துள் இறங்கிற்று. அதற்கென விதிக்கப்பட்ட காலம் 90 செவ்வாய் நாட்கள் மட்டுமே. தட்டையான வன்னிலத்தில் அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே வானொலிச் சமிக்ஞையொன்று ஒருவழி செல்வதற்கே, கோள்களின் நிலைக்கேற்ப, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் வரை செல்லும். ஆதலின் மோட்டார் வாகனத்தைச் செலுத்துவதுபோல அதனை எவரும் செலுத்தியிருக்க இயலாது. கலிபோர்னியாவின் பசடீனா நகரிலுள்ள ஜெற் புறொப்பல்சன் ஆய்வுகூடத்தில் இருந்தோர், முன்னைய நாளின் படங்களை ஆராய்ந்து, கல்லையும் மணலையும் சரிவையும் கணித்து, அடுத்த நாளுக்கான கட்டளைகளைத் தொகுத்து அனுப்பினர். இடர்களைத் தானே கண்டு விலகும் ஆற்றல் ஊர்திக்கு ஓரளவு இருந்தது; அவ்வாற்றலும் மனிதர் எழுதிக் கொடுத்ததே.

சுகதேகியொருவர் இரண்டு நாட்களில் நடந்துவிடக்கூடிய தூரத்துக்கு 14 ஆண்டுகள் சென்றமையின் பொருள் இதுவே. ஒவ்வொரு மீற்றரும் ஆராயப்பட்டு, விவாதிக்கப்பட்டு, தீர்மானிக்கப்பட்ட மீற்றராகும்.

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி ஊர்தி மணல்மேடு ஒன்றிற் புதையுண்டது. பேகற்றறி, அதாவது பாவந் தீர்க்கும் இடம் என அம்மேட்டுக்குப் பின்னர் பெயரிட்டனர். பசடீனாவில் இருந்தோர் மணலும் துகளும் கலந்து அதையொத்த நிலமொன்றை ஆய்வுகூடத்திலேயே அமைத்து, சோதனை ஊர்தியை அதிற் புதைத்து, மீட்கும் வழியைப் பயின்றனர். பின்னர் சிறிது சிறிதாகச் சக்கரங்களைச் சுழற்றினர். வழுக்காத நிலமாயின் 192 மீற்றர் சென்றிருக்கக்கூடிய அளவு சக்கரங்கள் சுழன்ற பின்னரே, யூன் 4ஆந் திகதி ஊர்தி விடுபட்டது. முன் வலச் சக்கரத்தின் மோட்டார் மிகையான மின்னோட்டத்தை இழுத்த காலங்களில், தேய்வைப் பகிரும் பொருட்டு ஊர்தியைப் பின்னோக்கி ஓட்டினர். இவற்றை ஊர்தியின் மனவுறுதி என வருணிப்பது எளிது. ஆயின் அம்மணற்றொட்டியின் ஓரத்தே நின்ற மனிதர் அவ்வருணனையில் எங்கே?

இனி, அந்நெடுவழியின் பயன் யாதென நோக்குவோம். முதலில் ஆராயப்பட்ட பாறைகள், அங்கு முன்னொரு காலத்தில் நீர் இருந்ததெனக் காட்டின. ஆயின் அது அமிலத்தன்மை மிக்க நீர். பின்னர் விக்ரோறியா என்னும் பெரும் பள்ளம் ஆராயப்பட்டது. 2008இல் அதனை விட்டு வெளியேறியபோது, தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த, 22 கிலோமீற்றர் விட்டமுடைய என்டெவர் பள்ளத்தை நோக்கிச் செல்வதென ஆய்வுக்குழுவினர் முடிவு செய்தனர். அத்தூரம், நாலரை ஆண்டுகளில் ஊர்தி அதுவரை சென்ற மொத்தத் தூரத்துக்கு ஏறத்தாழச் சமமாகும். 90 நாட்களுக்கென ஆக்கப்பட்ட இயந்திரம் அங்கு சென்றடையும் என்பதற்கு எவ்வித உறுதியும் இருக்கவில்லை. மணல்மேடுகளை விலக்கிச் சுற்றிச் சென்றமையால் வழி 21 கிலோமீற்றராக நீண்டது. 2011ஆம் ஆண்டு ஓகஸ்ற் 9ஆந் திகதி ஊர்தி என்டெவரின் விளிம்பை அடைந்தது. அங்கே ஜிப்சம் நாளமும், மற்றிஜெவிக் குன்றிற் களிமண் கனியமும் காணப்பட்டன. முன்னையவற்றினும் பழமையான அப்பாறைகள், அமிலத்தன்மை குறைந்த, உயிர்வாழ்வுக்கு அதிகம் உகந்த நீருக்குச் சான்று பகர்ந்தன. தொடங்கிய இடத்திலேயே ஆய்வு நின்றிருப்பின், அவ்விடத்து வரலாற்றின் பிற்கூறு மட்டுமே முழு வரலாறாக எண்ணப்பட்டிருக்கும். 

இவ்விடத்தே மூன்று மறுப்புக்கள் எழக்கூடும்.

முதலாவது இலக்கிய மாணவரிடமிருந்து வருவது. அஃறிணைப் பொருளை உயர்திணையாக்கிப் பேசுதல் தமிழுக்குப் புதிதா? நாரையும் மேகமும் தூது செல்லவில்லையா? சென்றன. ஆயின் தூது பாடிய புலவனும் அதனைக் கேட்டோரும் அது மரபு என அறிந்திருந்தனர்; நாரை பேசியதென எவரும் சான்று காட்டவில்லை. ஒப்பர்ச்சுனிற்றியின் விடயத்தில் நிகழ்ந்ததோ வேறு. உரையாசிரியரின் விளக்கம் மூலபாடத்துள் நுழைந்து, மூலத்தையே வெளியேற்றிவிட்டது. ஏட்டுச் சுவடிகளில் இடைச்செருகலைக் கண்டு விலக்கப் பயின்றவர் நாம். அப்பயிற்சி பரீட்சை மண்டபத்துக்கு வெளியே செல்லாதாயின் அதனாற் பயன் என்ன?

இரண்டாவது மறுப்பு கனதியானது. பசித்தோர் நிறைந்த உலகில் இத்தகைய செலவு தகுமா என்பது அது. இவ்வினாவை எள்ளி நகையாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பொதுப்பணம் எங்கே செலவாகின்றது எனக் கேட்பது எந்நாட்டு மக்களுக்கும் உரிய உரிமை. ஆயின் தனித்தலையும் வீரனாக ஊர்தியைச் சித்திரிக்குங்கால், இவ்வினாவை யாரிடம் கேட்பது? இயந்திரம் வரவு செலவுத் திட்டம் வகுப்பதில்லை. 2015 பெப்ரவரியில் வெளியான, 2016 நிதியாண்டுக்கான அமெரிக்க அரசாங்கத்தின் முன்மொழிவில் இவ்வூர்திக்கு நிதி ஒதுக்கப்படவில்லை. அடுத்த மாதமே அது மரதன் ஓட்டத்தின் தூரமான 42.195 கிலோமீற்றரைக் கடந்தது. முன்மொழிவு அவ்வாறிருந்தும் பணி தொடர்ந்தது. அவ்வியந்திரத்தின் ஆயுளைத் தூசியும் குளிரும் மட்டுமன்றி அரசியற் தீர்மானங்களும் நிர்ணயிக்கக்கூடியனவாக இருந்தன என்பது மனங்கொள்ளற்பாலது. செலவை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அத்தீர்மானங்களை எடுத்த மனிதரோடு வாதிடல் வேண்டும். அதற்குக் கண்ணீர் இருசாராருக்கும் தடையே.

மூன்றாவது மறுப்பு, நம் விரிவுரை மண்டபங்களில் அடிக்கடி கேட்பது: இது விஞ்ஞான பீடத்தாரின் விடயம், கலைப்பீடத்தார்க்கு இதில் என்ன வேலை? இதனை நான் முற்றாக மறுக்கின்றேன். நமது கலைப்பீடங்களில் ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து குடியேற்றத்தையும் தொழிலையும் அறிவது பெருமைக்குரிய ஆய்வாகக் கருதப்படுகின்றது. ஒப்பர்ச்சுனிற்றி சென்ற வழியின் பெயர்களை அவ்வாறே நோக்குக. என்டெவரின் விளிம்பில் அது முதலில் அடைந்த இடம் ஸ்பிரிற் முனை. 2010இல் தொடர்பிழந்த இரட்டை ஊர்தியின் நினைவாக இடப்பட்ட பெயர். மற்றிஜெவிக் குன்று, 2012இற் காலமான பொறியியலாளர் ஜேக்கப் மற்றிஜெவிக்கின் பெயரைத் தாங்குவது. 2014இல், சோவியத் ஊர்தியான லூனொகொட் 2, 1973இற் சந்திரனில் ஊர்ந்த 39 கிலோமீற்றரை ஒப்பர்ச்சுனிற்றி தாண்டவிருந்த வேளையில், அமெரிக்கக் குழுவினர் சிறு பள்ளமொன்றுக்கு லூனொகொட் 2 எனப் பெயரிட்டனர். போட்டியாகத் தொடங்கிய வரலாறு மரியாதையாக மாறியமைக்கு அப்பெயர் ஒரு சாசனம். இச்சாசனத்தை வாசிக்க இரசாயனம் கற்றிருத்தல் அவசியமன்று.

வாசிப்பதற்கான மூலங்களும் பூட்டி வைக்கப்படவில்லை. ஊர்தி அனுப்பிய 217,000இற்கு மேற்பட்ட படங்களும், வழிப்படங்களும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டுள்ளன. இக்கட்டுரையை எழுதுமுன் அவற்றுட் சிலவற்றை வரிசைப்படி நோக்கினேன். நாள்தோறும் ஏறக்குறைய ஒரே மணல், ஒரே தொடுவானம், பின்னே நீளும் ஒரே சக்கரத்தடம். சலிப்பூட்டுவனவே. ஆயின் மெய்யான அறிவுழைப்பின் தோற்றம் இதுதான் என்பதை அச்சலிப்பே எனக்கு உணர்த்திற்று. 

2018 யூனின் பின்னர், மௌனமாகிவிட்ட ஊர்திக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டளைகள் அனுப்பப்பட்டன. பதில் வரவில்லை. அக்கட்டளைகளை எழுதியோர் துயருற்றிருப்பின் அத்துயரம் அவர்களுக்கு உரியது. 14 ஆண்டு உழைப்பாற் பெற்ற உரிமை அது. நாமோ விலை கொடாது அதனை எடுத்துக்கொண்டோம். அதனை ஈடுசெய்ய ஒரு வழியுண்டு. ஈகிள் பள்ளத்தின் முதற் படத்திலிருந்து தொடங்கி, அவ்வழியை நாமும் ஒருமுறை நாள் நாளாக வாசிப்போம். அதன் பின்னரும் இரங்க வேண்டுமாயின் இரங்குவோம். யாருக்காக இரங்குகின்றோம் என்பதை அப்போது அறிந்திருப்போம்.