ஹெபடைடிஸ் பி: சோதனை யாருக்காக?

2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், குஜராத்தில் அப்போது சபர்காந்தா மாவட்டத்திலிருந்த மொடாசா பகுதியில் மஞ்சள் காமாலையால் பலர் அடுத்தடுத்து மடிந்தனர். காரணம் ஹெபடைடிஸ் பி. ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதால் கிருமி பரவியது. மருத்துவரை நம்பிக் கையை நீட்டியதைத் தவிர மாண்டவர்கள் செய்த தவறு எதுவுமில்லை.

ஆயினும் இந்நோயை ஒழுக்கக் கேட்டின் விளைவாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. பாதுகாப்பற்ற உடலுறவு ஒரு வழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும், பலர் பகிரும் சவர பிளேடிலிருந்தும், மருத்துவமனைக் குப்பையில் கிடக்கும் ஊசியிலிருந்தும் இது தொற்றுகிறது. உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரைகூட இக்கிருமி வீரியம் இழப்பதில்லை. பச்சிளங்குழந்தைக்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது பேரிடம் நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. பல ஆண்டுகள் அறிகுறி ஏதுமிருக்காது. தெரியவரும்போது கல்லீரல் சுருங்கியிருக்கும், அல்லது புற்று வந்திருக்கும். ஆகவே, திடமாக இருக்கிறேன் என்பது சோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது.

2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு இத்தொற்று இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் நோய் கண்டறியப்பட்டோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. இலவசச் சோதனைக்கும் மருந்துக்குமான தேசியத் திட்டம் 2018இல் தொடங்கிய பிறகும் இதுதான் நிலை!

உழைப்பாளிகளில் பலர் இந்நோயை முதன்முதலில் அறிவது எங்கே? வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையில். தொற்று இருந்தால் 'தகுதியற்றவர்' என்ற முத்திரை விழுகிறது. முகவரிடம் கட்டிய கடன் பணமும் போகிறது. அடுத்து எந்த மருத்துவரிடம் செல்வது என்று சொல்வார் இல்லை. தொற்றுள்ள எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படுவதில்லை என்பதையும், தேவைப்படுவோர்க்கு டெனோஃபோவிர் மாத்திரை கிருமியை அடக்கி வைக்கும் என்பதையும்கூட அவர் அறியாமலே ஊர் திரும்புகிறார். முதலாளிக்காக ஆளைக் கழிக்கும் சல்லடை இது; சிகிச்சைக்கான வாயில் அன்று. எச்.ஐ.வி. தொற்றாளருக்கு வேலையில் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஹெபடைடிஸ் பி-க்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை.

தோழர்கள் தாமும் குடும்பத்தாரும் ஒருமுறை இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றோ எதிர்ப்பாற்றலோ இல்லாதோர் தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடிக்க வேண்டும். மருத்துவமனைகளின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு அத்தடுப்பூசியை நிர்வாகச் செலவில் போடுவதும், சோதனை முடிவைக் காட்டி எவரையும் வேலைநீக்கம் செய்யாதிருப்பதும் தொழிற்சங்கங்களின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.